தெளிவிழி அழித்தவை

டாக்டர் அமிர்தகடேசனின் பட்டங்கள் பெயர்ப்பலகையில் ஒரு வரிக்குள் அடங்காமல், மூலை திரும்பிப் பக்கத்துச் சுவரிலும் கொஞ்ச தூரம் போயின. கடைசிப் பட்டம் தீயணைப்புக் கருவிக்கு நேர் மேலே இருந்தது. அது எந்த நாட்டில் கொடுத்தது என்று கேட்டால் அவர் புன்னகைப்பார். அந்தப் புன்னகையைப் பார்த்ததும், கேட்டவர்களே ஏதோ ஒரு நல்ல நாடாக நினைத்துக்கொள்வார்கள்.

வயிற்றில் சாவித்துளை அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியே கேமராவை விட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டே கர்ப்பப்பை ஆபரேஷன் செய்கிறவர்களில் கோயம்புத்தூரிலேயே அவர்தான் முதல்வர். அவரே சொன்னதுதான். இரண்டாவது யார் என்று ஒரு நிருபர் கேட்டபோது, கண்ணை மூடி யோசித்துவிட்டு, “அப்படி யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை” என்றார்.

அன்று அவருடைய மருத்துவமனையில் மாநாடு. மூன்று கேமராக்களில் எது சிறந்தது என்று முடிவு செய்ய வேண்டும். ஏழாவது மாடியில் ஆபரேஷன். கீழ்த்தளத்து அரங்கில் தமிழ்நாடு முழுவதிலுமிருந்து வந்த மகப்பேறு டாக்டர்கள் அதை நேரலையில் பார்த்து மார்க் போட வேண்டும். வயிற்றுக்குள் போவது ஒரே குழாய். அதன் முனையில் மூன்று கண்கள். முதல் கண் பழைய தட்டைப்படம். இரண்டாவது முப்பரிமாணம்; அதைப் பார்க்கக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தலைவலி வரும்வரை ரசிக்க வேண்டும். மூன்றாவது, எல்லாரும் எதிர்பார்த்து வந்த புது இயந்திரம். பெயர் தெளிவிழி.

தெளிவிழிக்குக் கற்றுக்கொள்ளத் தெரியும். ரத்தம் தெறித்தால் துடைத்துவிட்டுக் காட்டும். புகை எழுந்தால் விலக்கிவிட்டுக் காட்டும். ஒவ்வொரு ஆபரேஷனுக்குப் பிறகும் “இந்தப் படம் உங்களுக்குத் திருப்தியா?” என்று பணிவாகக் கேட்கும். ஓட்டலில் தோசைக்குப் போடுவதுபோல டாக்டர்கள் அதற்கு நட்சத்திரம் போடுவார்கள். நிறைய நட்சத்திரம் வாங்கிய படம் எப்படி இருந்ததோ, அடுத்த படத்தையும் அப்படியே காட்ட அது பாடுபடும். நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிகளில் எல்லாம் சில வருடங்களாக அது இப்படித்தான் நட்சத்திரம் பொறுக்கிப் படித்து வளர்ந்திருந்தது.

மேஜையில் படுத்திருந்தவள் தாரணி. வயது முப்பத்திநாலு. அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர். மாதாமாதம் அடிவயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல் வலி வரும். முகூர்த்த நாளில் வந்தால் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் சுருண்டு படுத்துக்கொண்டு, போனிலேயே பந்தியை நடத்துவாள்.

முன்பெல்லாம் ஒருத்தி வலிக்கிறது என்றால், நம்பினார்களோ இல்லையோ, மாத்திரையாவது கொடுத்தார்கள். இப்போது காப்பீட்டுக் கம்பெனிகள் ஒன்றுகூடி விதி செய்துவிட்டன. படத்தில் தெரிந்தால்தான் வலி. தெரிந்தால் சிகிச்சை உண்டு, மாதம் இரண்டு நாள் லீவு உண்டு. தெரியாவிட்டால் அதற்குத் ‘தோற்ற வலி’ என்று பெயர். மூன்று தடவை படம் சுத்தமாக வந்துவிட்டால், ‘வலி முடித்துவைக்கப்பட்டது’ என்று முத்திரை விழும். அதற்கப்புறம் ஆயுளுக்கும் அந்த வலிக்கு வைத்தியமும் கிடையாது, லீவும் கிடையாது. தாரணிக்கு இரண்டு தடவை படம் சுத்தமாக வந்தாகிவிட்டது. இது மூன்றாவது.

ஆகவே, டாக்டரிடம் போகிற எல்லாரும் ஒன்றும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும் உலகத்தில், அவள் மட்டும் காலையில் ஈச்சனாரிப் பிள்ளையார் முன்னால் நின்று, “ஏதாச்சும் இருக்கோணும் சாமி” என்று வேண்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“முழுசா மயக்கம் குடுக்க மாட்டீங்களா டாக்டர்?” என்று கேட்டாள்.

“மொதல்ல குடுக்க மாட்டோமுங்க,” என்றாள் டாக்டர் நிலோஃபர். அமிர்தகடேசனின் உதவி டாக்டர். ஆறு வருடமாக அவருக்குக் கேமரா பிடிக்கிறவள். “தொப்புள்கிட்ட மட்டும் மரத்துப்போக ஊசி. கேமரா ரொம்பச் சன்னம், உள்ள போறதே தெரியாது. அப்பறம் ஐயா ஒரு கம்பிய விட்டு உள்ள அங்கங்க மெதுவாத் தொடுவாரு. உங்க வலி, அதே வலி, எங்க தொட்டா வருதுன்னு நீங்க சொல்லோணும். அதுக்குத்தான் முழிச்சிருக்கச் சொல்றோம்.”

“நாஞ் சொன்னா எழுதிக்குவீங்களா?”

“எழுதிக்குவேன்.”

“நம்புவாங்களா?”

நிலோஃபர் மாஸ்க்கைக் கண்வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டாள். மாஸ்க்கின் பல பயன்களில் அதுவும் ஒன்று.

கேமரா பிடிப்பது என்றால் ஏதோ பிடித்துக்கொண்டு நிற்பது என்று வெளியே நினைக்கிறார்கள். தலைமை டாக்டர் எதைப் பார்க்க விரும்புகிறாரோ அதை, அவர் விரும்புவதற்கு ஒரு நொடி முன்னால் காட்ட வேண்டும். அமிர்தகடேசன் இடது, வலது என்றெல்லாம் சொல்கிறவர் இல்லை. தொண்டையைக் கனைப்பார். அந்தக் கனைப்பில் எத்தனை வகை உண்டு என்பது நிலோஃபருக்கு மட்டும்தான் தெரியும்.

நேரலை தொடங்கியது. கழுத்தில் மைக் தொங்க, அமிர்தகடேசன் மேஜைக்கு வந்தார்.

“வணக்கம். நான் டாக்டர் அமிர்தகடேசன். இது தெரியாதவர்கள் யாராவது அரங்கில் இருந்தால், அவர்கள் தவறான மாநாட்டுக்கு வந்துவிட்டார்கள்.”

கீழே சிரிப்பொலி எழுந்தது. அடுத்த வருட மாநாட்டில் மேடை கிடைக்க வேண்டியவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார்கள்.

குழாய் உள்ளே போனது. மூன்று திரைகளும் விழித்தன. தட்டைப்படத்தில் தாரணியின் வயிறு மங்கலாக, ஈரமாக, மஞ்சள் பூத்துத் தெரிந்தது. கர்ப்பப்பைக்குப் பின்னால் அங்கங்கே டீ தெறித்த மாதிரி பழுப்புப் பொட்டுகள். முப்பரிமாணத்தில் அதே பொட்டுகள் கொஞ்சம் கிட்டத்தில் வந்து நின்றன. தெளிவிழியின் திரையிலோ எல்லாம் ரோஜா நிறம். கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கம்போல, ஒரு மாசு மறு இல்லை. அரங்கம் “ஆஹா” என்றது.

“சார், முதல் படத்துல லென்ஸ் அழுக்கா இருக்கற மாதிரி தெரியுதே?” என்று கீழேயிருந்து ஒரு குரல்.

“நிலோஃபர், லென்ஸைத் துடைம்மா.”

துடைத்தாள். பொட்டுகள் இருந்தன.

“நல்லாத் துடைம்மா.”

நல்லாத் துடைத்தாள். பொட்டுகள் இன்னும் நல்லாத் தெரிந்தன.

“பழைய கேமரா, விடு. அது அழுக்கோடதான் பிறந்தது.” அரங்கம் மறுபடி சிரித்தது. மார்க்குகள் வந்தன. தட்டைப்படத்துக்குப் பத்துக்கு நாலு. முப்பரிமாணத்துக்கு ஆறு. தெளிவிழிக்கு ஒன்பதரை.

“ஆகவே நண்பர்களே,” என்று அமிர்தகடேசன் குரலை உயர்த்தினார், “சந்தேகத்துக்கே இடமில்லை. இந்த வயிறு முற்றிலும் நார்மல். இவ்வளவு அழகான வயிற்றை என் அனுபவத்தில்...”

“ஏனுங் டாக்டர், இருங்க,” என்றது அழகான வயிற்றுக்குச் சொந்தமான குரல். “இன்னும் தொட்டே பாக்கலீங்களே?”

அது மைக் வழியாக அரங்கம் முழுக்கக் கேட்டது. நோயாளி பேசுவார் என்று நிகழ்ச்சி நிரலில் இல்லை.

“தொடலாம் தொடலாம்,” என்றார் அவர், சம்பிரதாயத்துக்கு மொய் வைக்கிறவரைப்போல. கம்பியை உள்ளே விட்டு இடது பக்கம் தொட்டார். “இங்கே?”

“இல்லீங்.”

“இங்கே?”

“இல்லீங்.”

கர்ப்பப்பைக்குப் பின்னால் போனார். “இங்...”

“ஐயோ சாமி! அங்கதானுங்! அதேதானுங்!”

தெளிவிழித் திரையில் அந்த இடம் குழந்தையின் கன்னம்போல இருந்தது. அவர் ஒரு விரற்கடை நகர்த்தினார். வலியில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். தாரணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். அங்கேயும் கன்னம்தான்.

கீழே விவாதம் சூடுபிடித்தது. பயத்தில் சொல்வதாக இருக்கலாம் என்றார் ஒருவர். காலையில் சாப்பிடாததால் இருக்கலாம் என்றார் இன்னொருவர். “படமும் வலியும் ஒத்துப்போகவில்லை என்றால், வலியைத்தான் மறுபரிசோதனை செய்ய வேண்டும்,” என்றார் சேலத்துப் பேராசிரியர் ஒருவர். கைதட்டல் கிடைத்தது.

நிலோஃபர் தட்டைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாரணி எங்கெல்லாம் கத்தினாளோ, அங்கெல்லாம் அந்த அழுக்குக் கேமராவில் ஒரு பழுப்புப் பொட்டு இருந்தது.

“சார், முதல் ஸ்கிரீன்ல பாத்தீங்கன்னா அதே எடத்துல...”

அமிர்தகடேசன் கனைத்தார். ‘கேமராவை மட்டும் பிடி’ வகைக் கனைப்பு. ஆறு வருடமாக அதற்குக் கட்டுப்பட்டுப் பழகிய கை தானாக அசைந்தது. ஆனால் அன்றைக்கு வாய் கைக்கு முன்னால் போய்விட்டது.

“சார், அரங்கத்துக்கு ஒரு டீ இடைவேளை விட்டுரலாமுங்களா? போண்டா ஆறிரும்.”

போண்டா என்றதும் அரங்கம் ஏகமனதாக எழுந்தது. நேரலை நின்றது. நிலோஃபர், மூலையில் கோட்டுப் போட்டு நின்றிருந்த ஆல்வினைக் கூப்பிட்டாள். தெளிவிழி கம்பெனியின் இன்ஜினியர். சொந்த ஊர் பொள்ளாச்சி. கோட்டு மட்டும் சிங்கப்பூர்.

“ஆல்வின், உங்க மிஷினு அந்த எடத்துல எதையாச்சும் அழிச்சிருக்குதா?”

“அழிக்கறதுன்னு நாங்க சொல்றதில்லீங்க டாக்டர். மென்மைப்படுத்தறதுன்னு சொல்லுவோம்.”

“சரி, மென்மைப்படுத்திருக்குதா?”

ஆல்வின் தன் கைத்திரையைப் பார்த்தான். “கொஞ்சம் நெறையாவே பண்ணிருக்குங்க.”

“எதுக்கு?”

“ஸ்டாருக்குத்தானுங்க. புள்ளி இருக்கற படத்துக்கெல்லாம் டாக்டருங்க ரெண்டு, மூணுன்னு போட்டுட்டாங்க. புள்ளி இருந்தா ஆபரேஷன் இழுக்குமில்லீங்களா? மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போகும். அந்தக் கடுப்புல படத்தோட மார்க்கக் கொறைச்சாங்க. சுத்தமான வயித்துக்கு எல்லாரும் அஞ்சு. அது பாத்துச்சு. டாக்டருக்குப் புள்ளி புடிக்கறதில்லன்னு கத்துக்கிச்சு.”

“அப்ப அதுக்கு நோயே தெரியாதா?”

“தெரியாமயா?” ஆல்வினுக்குத் தன் கம்பெனியின் மானம் முக்கியம். “அழிக்கோணும்னா மொதல்ல கண்டுபுடிக்கோணுமில்லீங்க? இதைவிட நல்லாக் கண்டுபுடிக்கற மிஷினே கெடையாது. கர்ப்பப்பைக்குள்ள வளர வேண்டிய சவ்வு வெளியில துளியூண்டு ஒட்டியிருந்தாக்கூட, யாரு கண்ணுக்கும் படாததா இருந்தாலும், அதுக்குத் தெரிஞ்சுரும். தெரிஞ்ச ஒடனே மரியாதைக்கு மறைச்சுரும்.”

நிலோஃபருக்குச் சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும் பார்க்கும், பெரியவருக்குப் பிடித்ததை மட்டும் காட்டும். இந்த மாதிரி ஒரு ஜீவனைத் தினமும் தலைவாரும்போது அவள் கண்ணாடியில் பார்க்கிறாள். இதைச் செய்ய ஒரு கம்பெனி எதற்கு?

“அழிச்சத மட்டும் தனியாக் காட்ட முடியுமா?”

“முடியுமுங்க. யாரும் கேட்டதில்ல, அவ்வளவுதான்.”

ஆல்வின் எதையோ தட்டினான். ரோஜா நிறம் அணைந்து திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் ஒவ்வொன்றாக நீல வெளிச்சப் புள்ளிகள் ஏறின. கார்த்திகைக்கு மருதமலைப் படிகளில் விளக்கு ஏற்றியதுபோல. தாரணி கத்திய இடங்கள் எல்லாவற்றிலும் விளக்கு. இன்னும் தொடாத இடங்களிலும் விளக்கு.

“வலது ஓரத்துல ஒண்ணு தெரியுது பாருங்க சார். அங்க தொட்டுப் பாக்கலாமா?”

அவர் தொட்டார்.

“ஆமாங்... ஆமாங், அங்கயுந்தானுங்!” என்றாள் தாரணி. வலியில் கண்ணீர் வந்தது, முகத்தில் மகிழ்ச்சி. பிள்ளையார் கைவிடவில்லை.

ஆனால் அமிர்தகடேசன் விளக்குகளைப் பார்க்கவில்லை. கம்பி நுனியைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில், மயிர்க்கூச்செறிந்ததுபோல, ஒரு கற்றைக் கோடுகள் துடித்துக்கொண்டிருந்தன.

“அது என்ன?”

ஆல்வின் தன் பூட்ஸைப் படித்துக்கொண்டிருந்தான். “அது... கருவியோட அசைவுங்க சார்.”

“நான் அசைக்கவே இல்லையே?”

“அதானுங்க சார். அது... நடுக்கமுங்க. அதையும் சேத்து மென்மைப்படுத்திட்டு இருந்துச்சு.”

“எத்தனை நாளா?”

“ஒரு வருசமா இருக்குமுங்க. மரியாதைக்கு...”

அமிர்தகடேசன் தன் கையைத் தூக்கி, திரை வழியாக இல்லாமல், நேராகப் பார்த்தார். சுவரில் இருந்த பட்டங்கள் எல்லாம் ஒரு கணம் உதிர்ந்து, அங்கே அறுபத்தாறு வயது மனிதர் ஒருவர் மட்டும் நின்றார். மறுகணமே எல்லாவற்றையும் பொறுக்கி மாட்டிக்கொண்டார்.

“அணை அதை. அது கழிவு. கழிவை ஆதாரமாகக் காட்ட முடியாது. அங்கீகாரம் பெற்ற காட்சிகளில் எதற்கு அதிக மார்க்கோ, அந்தப் படத்தை வைத்துத்தான் ரிப்போர்ட் எழுத வேண்டும். அது விதி. தெளிவிழி ஒன்பதரை. தெளிவிழியில் நார்மல். எழுதிக்கொள் நிலோஃபர்.”

“சார், அப்படி எழுதினா மூணாவது தடவைங்க சார். அவங்க வலிய முடிச்சுவெச்சிருவாங்க.”

“விதியை நானா போட்டேன்?”

தாரணி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வயிற்றில் குழாய், கையில் ஊசி, அசையாமல் கிடந்து கால் மரத்துப்போயிருந்தது. வேலை செய்ததெல்லாம் தலை ஒன்றுதான். இரண்டாயிரம் பேர் வருகிற கல்யாணத்தில், பத்திரிகையில் தன் பெயர் நாலாவதாக வந்துவிட்டதென்று தாலி கட்டும் நேரத்தில் கோபித்துக்கொண்டு காரில் ஏறுகிற பெரியப்பாக்களை, காரிலிருந்து இறக்கிப் பந்திக்கு அழைத்துவந்து பழக்கப்பட்ட தலை அது.

“டாக்டர் ஐயா, ஒரு சந்தேகமுங்.”

“சொல்லும்மா.”

“இந்த அழிச்ச படத்துக்கு என்னுங்க பேரு?”

“பேரா? அதுக்கு ஏது பேரு?”

“பேரே இல்லீங்களா!” என்றாள், தொட்டிலில் பேரில்லாமல் கிடக்கிற குழந்தையைப் பார்த்தவள்போல. “அப்பக் கீழ போண்டா திங்கறவங்கள்ல ஆராச்சும் வெச்சுருவாங்களேங்க. சேலத்துக்காரரு ஒருத்தரு பேசுனாரே, அவரு கொரலக் கேட்டாலே தெரியுதுங். வெச்சுருவாரு.”

அமிர்தகடேசன் கனைக்கவில்லை.

“ஆல்வின்,” என்றாள் நிலோஃபர் மெதுவாக, “ஒரு பெரிய சர்ஜன் அதுக்குப் பேரு வெச்சு, அரங்கத்துல அறிமுகப்படுத்தி, மார்க்கும் வாங்கிட்டாருன்னா?”

“அப்பறம் அது கழிவில்லீங்களே. நாலாவது சிஸ்டம். ஒன்பதரைக்கு மேல வாங்கிருச்சுன்னா ரிப்போர்ட்டே அத வெச்சு எழுதலாமுங்க.”

“பேர் என்ன வைக்கலாம்?” என்று அமிர்தகடேசன் வேறு யாருக்காகவோ கேட்பதுபோல் கேட்டார்.

“எனக்கென்னுங்க தெரியும்?” என்றாள் தாரணி. “நீளமா இருந்தா எடுப்பா இருக்குமுங்.”

“அமிர்தகடேசன் காட்சி,” என்றது மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு குரல்.

அவர் அதை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். சட்டை தைத்துப் போட்டுப் பார்க்கிறவர்போலத் தோளைக் கொஞ்சம் நிமிர்த்தினார். பொருத்தமாகத்தான் இருந்தது. பிறகு அவர் கண் திரைக்குப் போய், ஆரஞ்சுக் கோடுகளில் தடுக்கி விழுந்தது. தோள் இறங்கியது. தன் பெயரிட்ட காட்சியில், தமிழ்நாடே பார்க்க, தன் கை ஆடும்.

தாரணிக்குத் திரை தெரியவில்லை. ஆனால் அறையின் அமைதி தெரிந்தது. பெரியப்பா மறுபடி காரில் ஏறப் பார்க்கிறார்.

“இன்னொண்ணுங்க டாக்டர் ஐயா. எங்க மண்டபத்துல மாப்பிள்ளையோட அப்பா பந்தியில சாம்பார் வாளி தூக்கமாட்டாருங்க. வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கும்புடு போடுவாரு. வாளி தூக்கறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க. இத்தாம்பெரிய காட்சியக் கண்டுபுடிச்சவரு கையில கம்பியப் புடிச்சுட்டு நின்னா, பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? அத அந்த டாக்டரம்மாகிட்டக் குடுத்துப்போட்டு, நீங்க மைக்கப் புடிங்க. அதானுங் மரியாதி.”

அமிர்தகடேசன் அவள் முகத்தைப் பார்த்தார். அன்று காலையிலிருந்து அவர் அவளுடைய வயிற்றை மூன்று கோணங்களில் பார்த்திருந்தார்; முகத்தைப் பார்த்தது அப்போதுதான். அவருக்கு எல்லாம் புரிந்தது. புரியாததுபோல இருப்பது பெரிய மனிதர்களுக்குத் தெரிந்த ஒரே பணிவு.

“பிடிம்மா,” என்று கம்பியை நிலோஃபரிடம் நீட்டினார். “இனிமேல் நீ செய். நான் விளக்குகிறேன்.”

நிலோஃபர் வாங்கினாள். திரையில் ஆரஞ்சுக் கோடுகள் அடங்கின. கேமராவை ஆல்வினிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். கோட்டைக் கழற்றிவிட்டு, கைகழுவி, பச்சை அங்கி மாட்டிக்கொண்டு வந்தான். படம் ஆடினால் தெளிவிழி பார்த்துக்கொள்ளும்.

அரங்கம் போண்டாவோடு திரும்பி வந்தது. அமிர்தகடேசன் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். தாரணிக்கு இப்போது முழு மயக்கம் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியாக அவள் காதில் விழுந்தது: “நண்பர்களே, படங்கள் நம்மை ஏமாற்றுகின்றன என்று நான் நெடுங்காலமாகவே சந்தேகித்து வந்தேன்...”

மாசற்ற படத்துக்கு ஒன்பதரை போட்ட அதே கைகள், மாசு மட்டுமே இருந்த படத்துக்கு ஒன்பதே முக்கால் போட்டன. சேலத்துப் பேராசிரியர் எழுந்து நின்று கைதட்டினார். நிலோஃபர் அந்தச் சத்தம் எதுவும் கேட்காமல், விளக்கு விளக்காக ஒவ்வொன்றையும் அறுத்தெடுத்தாள்.

எடுத்ததைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது வழக்கம். சின்ன எவர்சில்வர் தட்டோடு அவள் வெளியே வந்தபோது, தாரணியின் கணவன் பூபதி வெளுத்த முகத்தோடு எழுந்தான். பிஸ்கட் ஏஜென்சி வைத்திருப்பவன். சொந்தக்காரர்கள் அறையிலும் தெளிவிழிக்கு ஒரு திரை உண்டு.

“டாக்டர், காலைல ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க. படம் திருப்தியான்னு கேட்டுச்சு. நான் அஞ்சு ஸ்டாரையும் அமுத்திட்டனுங்.”

“எதுக்குங்க அமுத்துனீங்க?”

“பின்ன? எம்பொண்டாட்டி வயிறுங்க. அதுக்கு எப்பிடிங்க நாலு போடறது?”

*

அமிர்தகடேசன் காட்சி நாடெங்கும் பரவியது. ‘முடித்துவைக்கப்பட்ட’ வலிகள் பலவற்றைத் தூசு தட்டித் திறக்க வேண்டியதாயிற்று. எத்தனையோ பெண்கள் தங்கள் பழைய படங்களில் அழித்தவற்றைக் கேட்டு வாங்கிப் பார்த்து, வீட்டுக்காரர் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் காபி குடித்தார்கள். அமிர்தகடேசன் கத்தியைத் தொடுவதே இல்லை. விளக்குவதற்கே நேரம் போதவில்லை. அவர் கையால் யாருக்கும் கெடுதல் வராமல் போனதற்கு அவருடைய புகழ்தான் காரணம் என்பது நிலோஃபருக்கும் ஆல்வினுக்கும் தாரணிக்கும் மட்டும் தெரியும்.

ஆடி கழிந்து ஐப்பசியும் போய், மார்கழிக் குளிரில் தாரணி மறுபரிசோதனைக்கு வந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. இப்போது ஓட்டை போட வேண்டியதில்லை. தெளிவிழிக்குக் கம்பெனி ஒரு தடவுகோல் செய்திருந்தது, வயிற்றின் மேல் வைத்தாலே போதும். நிலோஃபர் வைத்தாள். கறுப்புத் திரையில் விளக்குகள் ஏறின. போன தடவையைவிட அதிகம்.

“வலி எப்படிங்க இருக்கு?”

“வலியே இல்லீங்க டாக்டர். நாலஞ்சு மாசமா, அப்படியொண்ணு இருந்துச்சுங்கறதே மறந்துபோச்சுங்.”

“படத்துல இருக்குதே.”

இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

“இது நெசமாவே இருக்குதுங்களா?”

“நேத்து என் உள்ளங்கையில வெச்சுப் பாத்தேன்,” என்றாள் நிலோஃபர். “அங்கயும் எனக்குக் கர்ப்பப்பை நோய் இருக்குதாம்.”

நடந்தது இதுதான். அமிர்தகடேசன் காட்சி வந்த பிறகு, விளக்கு நிறைய எரிகிற படங்களுக்கு டாக்டர்கள் ஐந்து ஐந்தாகப் போட்டார்கள். விளக்கே இல்லாத படத்துக்கு ஒன்று. மிஷின் சரியில்லை என்றார்கள். தெளிவிழி பார்த்தது. டாக்டர்களுக்கு இப்போது புள்ளி பிடிக்கிறது என்று கற்றுக்கொண்டது. மரியாதை தெரிந்த இயந்திரம். கேட்பதற்கு முன்னால் பரிமாறியது. காப்பீட்டுக் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. படத்தில் இருந்தும் வலி இல்லை என்று சாதிக்கிறவர்கள் வலியை மறைப்பதாகக் கருதப்படுவார்கள் என்று விதியைத் திருத்தியிருந்தன.

“அப்ப என்னுங்க பண்ணுவாங்க?”

“இத்தன இருந்தா மறுபடி ஆபரேஷன் பண்ணியே ஆகோணுமுங்க. அதுவரைக்கும் மாசம் ரெண்டு நாள் கட்டாய லீவு. உங்க மொதலாளி வேண்டாம்னாலும் குடுக்கோணும்.”

தாரணி குலுங்கிச் சிரித்தாள். தடவுகோல் ஆடியது, திரையில் இன்னும் நாலு விளக்குகள் கூடின.

“வலிக்குதுன்னப்ப இல்லைன்னாங்க. இல்லைங்கறப்ப வலிக்குதுங்கறாங்க. என்ன ஒருக்காக் கேட்டுப்போட்டு எழுதுனா என்னுங்க கொறைஞ்சு போயிரும்?”

“நான் கேட்டனுங்களே.”

“நீங்க கேட்டீங்க. அதுக்கு ஆரு விதி போடறது?”

திரையின் அடியில் வழக்கம்போல அந்தக் கேள்வி வந்து பணிவாக நின்றது: இந்தப் படம் உங்களுக்குத் திருப்தியா? நிலோஃபர் ஒரே ஒரு நட்சத்திரத்தை அமுக்கினாள். தெளிவிழி ஒரு கணம் திகைத்தது. ஓரத்தில் இரண்டு விளக்குகள் அணைந்தன. மறுபடி கேட்டது. மறுபடி ஒன்றே போட்டாள். இன்னும் மூன்று அணைந்தன. அவள் அமுக்க அமுக்க, விளக்குகள் வாயைப் பொத்தி, குனிந்து, ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போய்க்கொண்டிருந்தன.

“இருங்க, இருங்க டாக்டர்!” தாரணி எழுந்து உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “மொத்தத்தையும் அழிச்சராதீங்க. ஆபரேஷனுக்குப் பத்தாத மாதிரி, லீவுக்குப் பத்தற மாதிரி ஒண்ண விட்டுப்போடுங்க. தை மாசம் பூரா முகூர்த்தமுங்க. நிக்க நேரமிருக்காது.”

நிலோஃபர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். வலது ஓரத்தில், ஆபத்தில்லாத இடமாக, சின்னதாக ஒரு விளக்கு மிச்சமிருந்தது. அதை விட்டுவைத்து, ஐந்து நட்சத்திரம் போட்டாள்.